உடும்புக் கறி எப்படிக் குற்றமாகிறது? பழங்குடி வேட்டையும் சட்டத்தின் சொற்களும்

உடும்பு பிடித்ததாக இருளர் கைது, ஆமை முட்டை எடுத்ததாக வழக்கு என்று மாவட்டச் செய்திகளில் அவ்வப்போது படிக்கிறோம். படிப்பவருக்கு இரண்டு குழப்பங்கள் எழுகின்றன. பழங்குடிகளுக்குத்தான் வன உரிமைச் சட்டம் இருக்கிறதே, பிறகு ஏன் கைது? நிக்கோபாரிலும் ஆஸ்திரேலியாவிலும் பழங்குடிகள் வேட்டையாடலாம் என்கிறார்களே, அங்கே மட்டும் எப்படி?

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இந்தியச் சட்டம் கேட்பது, பிடிபட்டது எந்த விலங்கு, எந்த இடத்தில் என்பதை. பிடித்தவர் யார், எதற்காகப் பிடித்தார் என்று அது கேட்பதில்லை. சட்டிக்குப் போகும் உடும்பும் சந்தைக்குப் போகும் உடும்பும் அதன் கண்ணில் ஒன்று.

உடும்பு ஏன் உணவானது

தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படுவது வங்காள உடும்பு. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒன்றரை மீட்டரைத் தாண்டி வளரும். அடர்ந்த காடு அதற்குத் தேவையில்லை. ஏரிக்கரை, முள்காடு, வரப்பு, கைவிடப்பட்ட தோப்பு என எங்கும் வாழும். சமவெளியில் வாழும் இருளர்களின் அன்றாட நடமாட்டமும் அதே இடங்களில்தான். சங்கப் பாடல்களிலேயே எயினர் வீட்டு விருந்தில் நாய் பிடித்துவந்த உடும்பின் கறி பரிமாறப்படுகிறது. பழக்கம் அவ்வளவு பழையது.

உடும்பு வெயிலை நம்பி வாழும் பிராணி. உடல் சூடேறாத காலை நேரத்தில் அதனால் வேகமாக ஓட முடியாது. வெயில் ஏறிவிட்டால் நாயாலும் விரட்டிப் பிடிப்பது கடினம். துரத்தினால் வளைக்குள்ளோ மரப்பொந்துக்குள்ளோ புகுந்து, நகங்களை ஊன்றி, காற்றை இழுத்து உடலை உப்பவைத்துச் சுவரோடு இறுகிக்கொள்ளும். "உடும்புப் பிடி" என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள உடற்கூறு இதுதான். வாலைப் பிடித்து இழுத்தால் வராது. எனவே வேட்டை என்பது இழுப்பதல்ல, தோண்டுவது: வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்டறிந்து, உடும்பு இருக்கும் இடத்துக்கு மேலே திறக்க வேண்டும். தவறான பக்கம் தோண்டினால் மண் சரிந்து வளை அடைபடும், அரை நாள் உழைப்பு வீண். பழுத்த ஆட்கள் தோண்டும் முன் வாய்க்கருகே மண்ணைப் பார்ப்பார்கள்: நகக்கீறல் புதிதா, வால் இழுத்த கோடு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா.

பெண் உடும்பு பெரும்பாலும் கரையான் புற்றைத் தோண்டி முட்டையிடும். ஓர் ஈட்டுக்குச் சுமார் 20 முட்டைகள். அவை பொரிய ஐந்தரை மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை ஆகும். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

வனவிலங்குச் சட்டம் சொல்வது

வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம் 1972-இல் வந்தது. உடும்பு வழக்கைப் புரிந்துகொள்ள அதில் ஐந்து பிரிவுகள் போதும்.

1. பிரிவு 2(16), வேட்டை என்பதன் வரையறை. கொல்வது மட்டும் வேட்டையல்ல. பிடிப்பது, பொறிவைப்பது, விரட்டுவது, இரைவைத்து ஈர்ப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டை. ஊர்வனவற்றின் முட்டையை எடுப்பதும் சிதைப்பதும்கூட வேட்டைதான். ஆமை முட்டை சேகரித்தவர்மேல் "வேட்டை" வழக்கு பாய்வது இதனால்.

2. பிரிவு 9, தடை. முதல் இருபது ஆண்டுகளுக்கு, சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட சட்டம் இடம் கொடுத்தது. 1991 திருத்தம் அந்தக் கதவை மூடியது.

3. பிரிவு 39, உடைமை. வேட்டையாடப்பட்ட வனவிலங்கும் அதன் இறைச்சியும் அரசின் சொத்து. குழம்பில் கொதிக்கும் கறியும் இதில் அடங்கும்.

4. பிரிவு 51, தண்டனை. முதல் அட்டவணை (சட்டம் மிகக் கடுமையாகப் பாதுகாக்கும் விலங்குகளின் பட்டியல்) விலங்கென்றால் 3 முதல் 7 ஆண்டுச் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 2022 திருத்தத்துக்கு முன் அபராதத்தின் கீழ்வரம்பு 10,000 ரூபாயாக இருந்தது.

5. பிரிவு 57, மெய்ப்பிக்கும் சுமை. விலங்கோ இறைச்சியோ ஒருவர் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிறுவிவிட்டால், அது சட்டவிரோதமாக இருந்தது என்றே நீதிமன்றம் கருதும். இல்லை என்று காட்ட வேண்டியது குற்றஞ்சாட்டப்பட்டவர்.

உடும்பும் கடலாமைகளும் முதல் அட்டவணையில் இருப்பவை. புலியும் அதே அட்டவணையில்தான். அதாவது, வரப்பில் ஒரு உடும்பைத் தோண்டியெடுத்தவருக்கும் புலியைச் சுட்டவருக்கும் குறைந்தபட்ச தண்டனை ஒன்று. 2022 திருத்தம் ஆறு அட்டவணைகளை நான்காகக் குறைத்தது. எளிமையாக்கினோம் என்றார்கள். உணவுக்காகச் செய்யும் வேட்டைக்கும் வணிக வேட்டைக்கும் இடையே கோடு போட அது நல்ல சந்தர்ப்பம். போடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. வயல் எலிக்கு இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. இருளர் குடும்பம் ஒரே வரப்பில் எலிவளையைத் தோண்டினால் விவசாயி கூப்பிட்டு நன்றி சொல்வார். நான்கடி தள்ளி இருக்கும் இன்னொரு வளையைத் தோண்டினால் மூன்றாண்டுச் சிறை.

வன உரிமைச் சட்டம் ஏன் காப்பாற்றாது

2006-இன் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் மரபு உரிமைகள் பலவற்றை ஏற்றுக்கொள்கிறது. குடியிருப்பு, சாகுபடி, சிறு வன விளைபொருள், நீர்நிலைகளில் மீன். தேனும் மெழுகும்கூட வன விளைபொருள் பட்டியலில் உண்டு. மேலே சொன்னவற்றில் அடங்காத பிற மரபு உரிமைகளையும் பிரிவு 3(1)(l) என்ற பொது வாசகம் அரவணைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆங்கில மூலத்தில் பிரிவு 3(1)-இன் பன்னிரண்டாவது கூறு அது. அரவணைத்த கையோடு அதே வாக்கியம் ஒன்றை வெளியே தள்ளுகிறது: எந்த வனவிலங்கையும் வேட்டையாடும், பொறிவைத்துப் பிடிக்கும், அதன் உடலின் பகுதியை எடுக்கும் மரபு உரிமை இதில் சேராது.

கவனிக்க வேண்டியது, வேட்டை ஒரு "மரபு உரிமை" என்று சட்டமே பெயர் சூட்டிவிட்டுத்தான் விலக்குகிறது. மறந்துபோய் விட்டதல்ல, தெரிந்தே விட்டது.

சமவெளி இருளர்களுக்கு இன்னொரு சிக்கல். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கம் அவர்களில் பலர் வாழ்வது ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும். அது வன நிலமே இல்லை. ஆகவே வன உரிமைச் சட்டம் அங்கே நுழைவதே இல்லை. வனவிலங்குச் சட்டமோ எங்கும் நுழையும், ஏனெனில் அது விலங்கின் பின்னால் போகும் சட்டம், நிலத்தின் பின்னால் அல்ல.

நிக்கோபார்: ஒரே ஒரு விதிவிலக்கு

வனவிலங்குச் சட்டத்தின் பிரிவு 65 மிகச் சிறியது. அந்தமான் நிக்கோபார் நிர்வாகம் 1967 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட அறிவிக்கை, நிக்கோபார் தீவுகளின் பட்டியல் பழங்குடிகளுக்கு வேட்டை உரிமைகளை வழங்கியது. இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் அந்த உரிமைகளைப் பாதிக்காது என்கிறது பிரிவு 65. அவ்வளவுதான்.

இதை "பழங்குடிகளுக்கு விலக்கு" என்று படிப்பது தவறு. எல்லைகள் மூன்று: நிக்கோபார் தீவுகள் மட்டும், பட்டியல் பழங்குடிகள் மட்டும், அந்த அறிவிக்கை கொடுத்த உரிமை மட்டும். அதே கடற்கரையில், நிலப்பகுதியிலிருந்து போய்க் குடியேறியவர் ஆமையைப் பிடித்தால் அவருக்கு முழுச் சட்டமும் பொருந்தும். நிக்கோபாரி ஒருவர் சென்னைக்கு வந்து உடும்பு பிடித்தாலும் அப்படியே.

சட்டம் நினைத்தால் ஆளைப் பார்த்தும் எழுத முடியும் என்பதற்கு இந்தப் பிரிவு சாட்சி. தீவுகளுக்கு எழுதினார்கள், நிலப்பகுதிக்கு எழுதவில்லை.

ஆஸ்திரேலியா: இரண்டு முதலைக் குட்டிகளும் ஒரு தீர்ப்பும்

ஆஸ்திரேலியாவில் 1992-இன் மாபோ தீர்ப்பு, ஆங்கிலேயர் வருமுன்பே முதற்குடிகளுக்கு நிலத்தின்மேல் உரிமை இருந்தது என்று ஏற்றது. அடுத்த ஆண்டு பூர்வ உரிமைச் சட்டம் வந்தது. அதன் பிரிவு 211, சில நிபந்தனைகளோடு உரிமம் இல்லாமலே வேட்டையாட இடம் தருகிறது.

அந்தப் பிரிவைச் சோதித்த வழக்கு ஓர் ஊர்வனவைப் பற்றியது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கார்ப்பென்டேரியா வளைகுடாப் பகுதியில், 1994-இன் கடைசி மாதங்களில், கங்காலிடா இனத்தைச் சேர்ந்த மர்ரண்டூ யானர் மரபு எறியீட்டியால் இரண்டு இளம் உவர்நீர் முதலைகளைப் பிடித்தார். போனது இயந்திரம் பொருத்திய படகில். கறியில் ஒரு பகுதியைத் தம் குலத்தாரோடு உண்டார். மீதியும் தோலும் வீட்டு உறைபெட்டியில் இருந்தன. உரிமம் இல்லாமல் வனவிலங்கைப் பிடித்ததாக மாநிலச் சட்டத்தில் வழக்கு.

குயின்ஸ்லாந்து அரசின் முக்கிய வாதம் நமக்குப் பழக்கமானது: வனவிலங்கு அரசின் சொத்து என்று மாநிலச் சட்டம் அறிவித்துவிட்டது, எனவே யாருக்கும் பழைய உரிமை மிஞ்சியிருக்க முடியாது. 1999 அக்டோபர் 7 அன்று உயர் நீதிமன்றம், அந்த நாட்டின் உச்ச அமைப்பு அதுதான், ஐவருக்கு இருவர் என்ற கணக்கில் யானருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காட்டில் திரியும் முதலையை ஒருவர் தம் மாட்டை உடைமையாக வைத்திருப்பதுபோல அரசு வைத்திருக்க முடியாது, "சொத்து" என்ற சொல் இங்கே ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையே குறிக்கிறது, ஒழுங்குபடுத்துவது வேறு, உரிமையை அழிப்பது வேறு என்பது பெரும்பான்மையின் தர்க்கம். இயந்திரப் படகும் உறைபெட்டியும் மரபைக் கெடுத்துவிடவில்லை.

பிரிவு 211 பொருந்த வேண்டுமானால்:

1. பிடிப்பவருக்கு அந்த நிலத்திலோ நீரிலோ பூர்வ உரிமை இருக்க வேண்டும். வேறு குலத்தின் எல்லைக்குள் போய்ப் பிடிக்க இது உதவாது.
2. நோக்கம் சொந்தத் தேவை, வீட்டுத் தேவை அல்லது வணிகமல்லாத சமூகத் தேவையாக இருக்க வேண்டும். விற்றால் பாதுகாப்பு போய்விடும்.
3. அந்தச் செயலைத் தடுக்கும் சட்டம் "உரிமம் இருந்தால் செய்யலாம்" என்ற வகையாக இருக்க வேண்டும்.

சட்டிக்கும் சந்தைக்கும் நடுவே உள்ள கோடு இரண்டாவது நிபந்தனையில் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் இல்லாதது அந்த ஒரு வரிதான்.

உண்பதால் இனம் அழியுமா?

"உரிமை கொடுத்தால் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடுவார்கள்" என்பது நியாயமான அச்சமாகத் தோன்றும். விலங்கைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

உடும்பு இரண்டு மூன்று ஆண்டுகளில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். பச்சைக் கடலாமைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். உடும்பில் சில முதிர்ந்தவை போனாலும் அடுத்த தலைமுறை விரைவில் இடத்தை நிரப்பும். கடலாமையில் முட்டையிட வந்த ஒரு பெண்ணைக் கொன்றால், அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று வளரக் கால் நூற்றாண்டு. ஆகவே "ஊர்வன" என்று ஒட்டுமொத்தமாகப் பேசும் எந்த விதியும் ஏதோ ஒரு பக்கம் தவறாகும். உடும்பிலும் புற்றை உடைத்து முட்டையை எடுப்பது ஒரு தனி உடும்பைப் பிடிப்பதைவிடக் கேடு. பல மாதம் மண்ணுக்குள் இருக்கும் ஓர் ஈடு முழுவதும் ஒரே கையில் போய்விடும்.

மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் மார்ட்டு மக்களின் மணல் உடும்பு வேட்டை இன்னும் சுவையான சங்கதி. பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேட்டை அது. குளிர் மாதங்களில் உடும்பு வளைக்குள் முடங்கிக் கிடக்கும், மேலே முட்புல் மூடியிருக்கும். அவர்கள் செய்வது:

1. முதிர்ந்த புல் மண்டிய ஒரு திட்டைத் தேர்ந்து, காற்று பார்த்துத் தீ வைப்பார்கள். முன்பே எரிந்த பழைய திட்டு எதிரே இருந்தால் நெருப்பு அங்கே போய் அணையும்.
2. சாம்பல் தரையில் நடந்து புதுமண் தள்ளிய வளைவாயைத் தேடுவார்கள்.
3. தோண்டுகோலால் தரையைக் குத்தி, அடியில் வெற்றிடம் எங்கே என்று கேட்டறிவார்கள். இப்போது கோல் பெரும்பாலும் இரும்பு.
4. அந்த இடத்தில் மேலிருந்து திறந்து பிடிப்பார்கள். கோடையில் தீ வேண்டாம், மணலில் தடம் பார்த்தே தொடர்வார்கள்.

இப்படி எரிக்கும் திட்டுகள் சிறியவை. எரிந்த நிலம் மறுபடி முதிரும் ஐந்து படிகளுக்கும் அவர்கள் மொழியில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. 1960-களில் ஏவுகணைச் சோதனைக்காக இவர்களை அந்த நிலத்திலிருந்து வெளியேற்றியபின், சிறு தீக்கள் நின்றன. பின்னர் மின்னல் வைத்த தீ தடுப்பாரில்லாமல் பரந்த வெளியைத் தின்றது. 1980-களில் மக்கள் திரும்பினார்கள். 2013-இல் வெளியான ஆய்வொன்றில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது: மணல் உடும்புகள் அதிகம் இருந்தது வேட்டை மிகுந்த இடங்களில். புதிதாக எரிந்த திட்டும் வளர்ந்த திட்டும் அடுத்தடுத்து இருப்பதால் இரையும் மறைவிடமும் பக்கத்திலேயே கிடைப்பது காரணம்.

இதை அப்படியே தமிழ்நாட்டு ஏரிக்கரைக்குப் பொருத்திவிடக் கூடாது. அங்கே மக்கள் தொகை குறைவு, நிலம் பெரிது. இங்கே நிலைமை தலைகீழ். மார்ட்டு கதையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது, வேட்டை என்றாலே குறைவு என்ற கணக்கு எப்போதும் சரியல்ல என்பது மட்டும். அதே ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பெரிய உடும்பினம் ஒன்றைப் பல இடங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழித்தது எந்த வேட்டைக்காரரும் அல்ல. கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935-இல் குயின்ஸ்லாந்தில் இறக்கிவிட்ட நச்சுத் தேரை. அதைத் தின்னும் உடும்பு பெரும்பாலும் சாகும்.

சந்தை கேட்பது வேறு

இந்தியாவில் உடும்புக்கு உள்ள சந்தைத் தேவையில் பெரும்பகுதி பழங்குடிகளுடையது அல்ல. மூன்று வகை முக்கியம்.

தோல். கஞ்சிராவுக்கு மரபாகப் போர்த்தியது உடும்புத் தோல். இன்று அதன் வணிகம் குற்றம். ஆட்டுத்தோலும் செயற்கைப் படலமும் வந்துவிட்டன, நாதம் பற்றிய புலம்பல் இன்னும் ஓயவில்லை.

"ஹத்தா ஜோடி". அபூர்வக் காட்டுவேர், வீட்டில் வைத்தால் செல்வம் வரும் என்று சொல்லி விற்கப்படுவது. கூப்பிய இரு கைகள் போலத் தெரியும் அது வேரே அல்ல, ஆண் உடும்பின் உலர்த்திய பிறப்புறுப்பு. பூஜைப் பொருள் என்று நினைத்து வாங்கியவரும் முதல் அட்டவணைக் குற்றத்தில் மாட்டுவார்.

மருந்து. மூட்டுவலிக்கு, இளைப்புக்கு, ஆண்மைக்கு என்று கறியும் இரத்தமும் கொழுப்பும் கேட்டு வருபவர்கள் ஊர்க்காரர்களும் நகரத்தாரும். பயன் உண்டு என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. கேட்டவர் பணம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார், பிடித்துக் கொடுத்தவர் கைதாவார். செய்தியில் வரும் "வேட்டைக்காரர்" பல நேரம் இந்தச் சங்கிலியின் மலிவான முனை.

உடல்நலக் கோணத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி சாதாரணம். குடல் எடுக்கும்போது கத்தியும் கையும் வழியாகவே அது பரவும். பச்சை இரத்தம் குடிப்பது ஒட்டுண்ணிகளை நேரடியாக அழைப்பது. நன்கு வேகவைத்த உடும்புக் கறியில் இந்த ஆபத்து பெரிதும் அடங்கும். கடலாமை அப்படியல்ல. அழுங்காமையின் கறி சில நேரம் நஞ்சாகிறது, எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தாய் உண்டால் பால் குடிக்கும் குழந்தைக்கும் இறங்கும். உயிரிழப்புகள் உண்டு.

உரிமம் கிடைத்த ஒரே வழி

1970-களில் பாம்புத்தோல் வணிகம் தடைபட்டபோது, அதை நம்பியிருந்த இருளர்களின் பிழைப்பு ஒரேயடியாக நின்றது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது, இடம் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலி. சட்டத்தின் பிரிவு 12, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்க அனுமதி கொடுக்க இடம் தருகிறது. அந்த வழியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு இனங்களை வனத்துறை குறிக்கும் எண்ணிக்கைக்குள் பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தத் திறமைக்காக.

ஆனால் பிரிவு 12 ஆராய்ச்சி, கல்வி, மருந்து போன்ற நோக்கங்களுக்கானது. பசி அந்தப் பட்டியலில் இல்லை. எனவே இதே முறையில் உடும்புக்கு உரிமம் கேட்டால் கொடுக்க அதிகாரிக்குச் சட்டத்தில் வழியில்லை.

வழக்கானால் நடப்பது

கைப்பற்றிய இறைச்சி ஆய்வகத்துக்குப் போகும். வேகவைத்த துண்டிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்து இனத்தை அடையாளம் காண முடியும் என்பதால் "அது கோழி" என்ற வாதம் நெடுநாள் நிற்காது.

சிறு வனக் குற்றங்களில் அதிகாரியிடம் இணக்கத் தொகை கட்டி வழக்கை முடிக்கலாம். குறைந்தபட்சச் சிறை விதித்த குற்றங்களுக்கு அந்த வசதியைச் சட்டம் மறுக்கிறது. உடும்பு அந்த வகை. வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் அது இணக்கம் அல்ல, லஞ்சம்.

நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் சிறையின்றி விடுவிக்கும் வாய்ப்பு ஒன்று இருக்கிறது. சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ வேட்டையாடியதாகத் தண்டனை பெற்ற 18 வயது நிரம்பியவருக்கு வனவிலங்குச் சட்டம் அதையும் அடைத்துவிடுகிறது. வெளியே பிடித்தவருக்கு அந்த அடைப்பு இல்லை. ஏரிக்கரையில் பிடிபட்டவரின் வழக்கில், சம்பவ இடம் சரணாலய எல்லைக்குள் என்று மகஜரில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை வழக்கறிஞர் முதலில் பார்ப்பது இதற்காகத்தான்.